கீழக்கரையில் பயணப் பெட்டி கட்டித் தரும் கடைகள்: எதை நம்பிக் கொடுக்கலாம், எதைக் கூட நின்று பார்க்க வேண்டும்

சபுராளி, அதாவது வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போனவர், தனியாகப் போய் ரூமில் தங்கி, ரெண்டு வருசத்துக்கு ஒருமுறை ஊர் வந்த காலத்தில் பழகின கணக்கு ஒன்று நம் கடைகளில் இன்னும் ஓடுகிறது. மசாலா ஐந்து கிலோ, கருவாடு ஐந்து கிலோ, ஊறுகாய், தொதல் என்கிற தேங்காய்ப்பால் இனிப்பு, மேலே ஒரு சாக்கு, கயிறு. இப்போது கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, ஏர்வாடி எல்லா ஊரிலிருந்தும் கைக்குழந்தையோடு குடும்ப விசாவில் துபாய் போகிறார்கள். அவர்களுக்கு முதல் பெட்டி என்பது முதல் பத்து நாள் அடுப்படி. அந்தக் கண்ணோடு பார்த்தால் கருவாட்டுக் கட்டில் நம் கடைகளை அடிக்க ஆளில்லை. மசாலாவில் கூட நிற்க வேண்டும். மற்ற சாமான்களை அவர்கள் கையில் விடவே வேண்டாம்.

கருவாடு முதலில். நல்ல கடை, நீங்கள் எடுத்துக் கொடுத்ததும் பையில் போடாது. ஒரு வெயில் மறுபடி காயப் போட்டு, சாயங்காலம் நிழலில் சூடு முழுக்க ஆறவிட்டு, அடுத்த நாள்தான் வேக்கம் போடும், அதாவது காற்றை உறிஞ்சிப் பையை ஒட்டும். வெயில் சூட்டோடு பையில் அடைத்தால் உள்ளே வேர்த்து, பெட்டியைப் பிரிக்கும்போது மீன் மெத்தென்று கிடக்கும். அதனால் பயணத்துக்கு நாலு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். "இன்னைக்கே கட்டித் தாரேன்" என்கிற கடை வேண்டாம்.

எடுக்கும்போது சதை தடித்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தால் சரி. இளஞ்சிவப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தால் உப்பிலேயே வளரும் கிருமி ஏறிவிட்டது, விலை குறைத்தாலும் வாங்காதீர்கள். நெத்திலிக்கு, கடைக்கார அண்ணனிடம் "காக்கா, தலை கிள்ளினதா?" என்று கேட்டு வாங்குங்கள். தலையும் குடலும் இருந்தால் கசக்கும், சீக்கிரம் காறும்.

வேக்கம் பை ஓட்டையாவது பெரும்பாலும் மெஷின் கோளாறால் அல்ல. சீலா மீன் துண்டின் முள்ளும் பாறை மீனின் செதிலும் உள்ளிருந்து குத்துகிற குத்து அது. காற்றை உறிஞ்ச உறிஞ்சப் பை முள்ளின் மேல் இறுகும். நல்ல கடைக்காரர் துடுப்பையும் வால் முனையையும் கத்தரித்து, தடித்த காகிதத்தில் சுற்றி, பிறகுதான் பைக்குள் வைப்பார். பை வாயில் உப்புத் தூளோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தாலும் ஒட்டு நிற்காது. துணியால் துடைத்துவிட்டுச் சீல் போடுகிறாரா என்று பாருங்கள். சீல் ரெண்டு வரி போடச் சொல்லுங்கள். கட்டி முடித்த பைகளை ஒரு ராத்திரி அங்கேயே வைத்துக் காலையில் தொட்டுப் பார்த்தால் எது ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். தளர்ந்த பையைத் திரும்பக் கொடுங்கள், முணுமுணுக்காமல் மாற்றித் தருகிறார்கள். கால் கிலோ பைகளாகப் போடுவதே நல்லது. ஒரு கிலோ பையைப் பிரித்தால் மிச்சத்துக்கு மறுபடி சீல் போட அங்கே ஆள் கிடையாது.

காலமும் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. மே மாதம் கடையில் தொங்கும் பெரிய மீன் கருவாடு பெரும்பாலும் பழைய சரக்கு. அந்த நேரம் பயணம் என்றால் மார்ச்சிலேயே எடுத்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் போட்டதும் சரியாகக் காய்ந்திருக்காது.

முதல் பெட்டிக்கு எவ்வளவு? எங்கள் கணக்கில் ரெண்டு கிலோ போதும்: அரைக் கிலோ நெத்திலி, அரைக் கிலோ சென்னாகூனி (பொடி இறால் கருவாடு), மிச்சம் மாசி (கட்டையாகக் காய்ந்த சூரை மீன்). மாசியைப் பொடிக்காமல் கட்டையாகவே வாங்குங்கள். பொடித்தால் வாசம் போய்க் காறல் ஏறும். சீலா, திருக்கை இப்போது வேண்டாம். புதிதாகப் போகிறவர்கள் துபாயின் தேராவிலோ பக்கத்து ஷார்ஜாவிலோ உறவுக்காரர் வீட்டில், பல நேரம் இன்னொரு குடும்பத்தோடு பங்கு போட்ட பிளாட்டில்தான் இறங்குகிறார்கள். ஏசி ஓடுவதால் ஜன்னல் திறப்பதில்லை. திருக்கை பொரித்தால் அந்த வாடை மூன்று நாளைக்கு வீட்டில் நிற்கும், வாய்ப்பேச்சு வரும். மூடி போட்டுக் கொதிக்க விடுகிற நெத்திலிக் குழம்புக்கும் சென்னாகூனித் துவையலுக்கும் அந்தத் தொல்லை குறைவு.

இனி மசாலா. இதில் ஒன்றே ஒன்றுக்காகத்தான் கூட நிற்கச் சொல்கிறோம்: கசகசா. அது அபினிச் செடியின் விதை. நம் ஊரில் மளிகைக் கடைச் சாமான், யுஏஇ சட்டத்தில் போதைப்பொருள். தெரியாமல் கொண்டு போனேன் என்பது ஏர்போர்ட்டில் செல்லாது, கைது வரை போகும். தனிப் பொட்டலமாக யாரும் வைக்க மாட்டார்கள். குருமா மசாலா, கறி மசாலா, பிரியாணிப் பொடிக்குள் ஒளிந்து போவதுதான் ஆபத்து. பழைய கடைக்காரர்களுக்கு இது மனப்பாடம். புதுப் பையன்கள் ரெடிமேடாக அரைத்து வைத்ததை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஆகவே அரைத்து வைத்த எதையும் வாங்காதீர்கள். சாமானை உங்கள் கண் முன்னால் எடை போட்டு மிஷினுக்கு அனுப்புங்கள். முந்தின ஆள் அரைத்தது மிஷினில் ஒட்டியிருக்கும். ரெண்டு கை அரிசி போட்டு ஓட்டி, அந்த மாவை ஒதுக்கிவிட்டு உங்களுடையதை அரைக்கச் சொல்லுங்கள். அரைத்துச் சூடாக வருகிற தூளைப் பேப்பரில் பரப்பி, நன்றாக ஆறின பிறகே கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கட்டி விழும்.

மிளகாய்க்கு நம் முண்டு மிளகாய் தவிர வேறு யோசனை வேண்டாம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கின மிளகாய், குழம்புக்குக் கெட்டியும் நிறமும் தரும். ஒரு கிலோ மிளகாய்த்தூள், ஒரு கிலோ மல்லித்தூள் போதும். அரிசி, பருப்பு, புளி, இட்லி அரிசி எல்லாம் துபாயின் கராமாவிலும் தேராவிலும் கிடைக்கும்போது அவற்றுக்கு எடையைச் செலவழிப்பது வீண். கொப்பரையைப் பெட்டியில் வைக்கவே கூடாது. எண்ணெய்ச் சத்தால் தீப்பிடிக்கும் பொருள் என்று நம் ஏர்போர்ட்டிலேயே எடுத்துவிடுவார்கள்.

தொதல் முதல் நாள் கிண்டினதாக, ஒரு ராத்திரி ஆறினதாக, தட்டையான டப்பாவில் போகட்டும். வேக்கம் போட்டால் பிதுங்கி எண்ணெய் கக்கும். தேங்காய்ப்பால் சேர்ந்தது, ஆகையால் போய் இறங்கியதும் பிரிட்ஜில்.

கடைகள் கூடவே விற்கிற பாத்திரம், மிக்ஸி விஷயத்தில்தான் எங்களுக்குப் பெரிய குறை. வாடகை ஒப்பந்தத்தை எஜாரி என்கிற துபாய் அரசுப் பதிவேட்டில் பதிந்து, பிளாட்டுக்கு 2000 திர்ஹம் டெபாசிட் கட்டினால்தான் துபாயில் கரண்டும் தண்ணீரும் நம் பேருக்கு வரும். கேஸ் இணைப்பு அதற்கும் பிறகு, தனி வேலை. அதுவரை சமையல் இண்டக்‌ஷன் அடுப்பில்தான். கடையில் எடுத்து நீட்டுகிற அலுமினியக் குக்கர் அதில் சூடே ஆகாது. அடிப்பக்கம் காந்தம் ஒட்டுகிற எவர்சில்வர் குக்கர், மூன்று லிட்டர், நீங்களே பார்த்து வாங்குங்கள். கடைக்கு ஒரு சின்னக் காந்தம் கொண்டு போனால் முடிந்தது.

நம் மிக்ஸி அங்கே தாராளமாக ஓடும். கரண்ட் அதே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்தான் வேறு, மூன்று சதுரக் கால். உருண்டைக் காலை அதில் பேனா மூடி குத்தித் திணிக்கிற பழக்கம் வேண்டாம், பிள்ளைகள் இருக்கிற வீடு. 13 ஆம்பியர் பிளக் ஒன்று வாங்கி மாற்றுங்கள். மூடியைக் கழற்றி, மண் கால் (எர்த்) மேலே இருக்கும்படி பிடித்தால், பிரவுன் கம்பி வலது பக்கம் பியூஸ் இருக்கும் முனைக்கு, நீலம் இடது, பச்சை மஞ்சள் மேலே. 750 வாட் மிக்ஸி மூன்றரை ஆம்பியருக்குள்தான் இழுக்கும், 5 ஆம்பியர் பியூஸ் போதும்.

எடையைக் கடைத் தராசில் மட்டும் நம்பாதீர்கள், டிக்கெட்டில் அனுமதித்த எடைக்கு ஒன்றரைக் கிலோ குறைத்தே கட்டச் சொல்லுங்கள். ஒரு பெட்டி 32 கிலோ தாண்டினால் காசு கொடுத்தாலும் ஏற்ற மாட்டார்கள். பவர் பேங்க் கைப்பையில்தான். கோடீன் கலந்த இருமல் மருந்தோ டிராமடால் மாத்திரையோ இருந்தால், டாக்டர் சீட்டோடு யுஏஇ அரசின் அனுமதியை முன்பே ஆன்லைனில் வாங்க வேண்டும்.

காகிதங்களையும் "பத்திரமா இருக்கும்" என்று பெட்டிக்குள் வைத்துக் கட்டுகிற வழக்கம் சில கடைகளில் இருக்கிறது. விடாதீர்கள். மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், யுஏஇ தூதரகம் மூன்றும் முத்திரை போட்ட திருமணச் சான்றும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றும், தடுப்பூசி அட்டையும் உம்மாவின் கைப்பையில் இருக்கட்டும். இறங்கின வாரமே மருத்துவச் சோதனை, எமிரேட்ஸ் ஐடி வேலை தொடங்கிவிடும். பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தால் கருவாட்டுக்குக் காத்திருக்கலாம், இதற்கு முடியாது.