ஸ்டேஷன் பாலம் வரும் என்று நம்பிக் கடை வாங்காதீர்கள்: 38,400 வெள்ளி போய்விட்டது

நேற்று முன்தினம் பதிவுத் தபாலில் வந்த கடிதத்தில் விஷயம் ஒரே வரிதான்: மீதிப் பணத்தைக் கட்டத் தவறியதால் முன்பணம் 38,400 வெள்ளி (ரிங்கிட்) பறிமுதல். மூன்று மாதம் அலைந்ததற்கு இதுதான் பதில். எல்ஆர்டி, கொமுட்டர் ரயில் நிலையங்களை ஒட்டி மேலே குடியிருப்பு, கீழே கடைகள் என்று கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க எழும்பிக்கொண்டிருக்கும் திட்டங்களில் கடை லாட் வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். எதையெல்லாம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதையும் முடிவில் எழுதுகிறேன். கட்டி விற்கும் மேம்பாட்டாளரின் பெயரைப் போடவில்லை, விவகாரம் லோயரிடம் இருக்கிறது. எல்ஆர்டி 3 பாதையில், ஷா ஆலமுக்கும் கிள்ளானுக்கும் நடுவில் உள்ள ஒரு கலப்புத் திட்டம் என்ற அளவில் தெரிந்தால் போதும்.

லாட்டின் விலை 384,000 வெள்ளி. இரண்டாம் தளம், 420 சதுர அடி. அந்த அளவுக்கு அது அதிக விலை. அந்த விலையைக் கொடுக்கச் சம்மதிக்க வைத்தது ஒரே ஒரு பாலம்.

விற்பனைக் கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டடத்தின் மாதிரியை வைத்திருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் குட்டி ரயில் வந்து நிற்கும், விளக்கு எரியும். நிலையத்திலிருந்து ஒரு அக்ரிலிக் பாலம் சாலையைத் தாண்டி நேராக இரண்டாம் தளத்தில் வந்து ஒட்டியிருந்தது. அதன் மேல் அரிசி அளவில் மனித உருவங்கள், எல்லாம் கட்டடத்தைப் பார்த்து நடக்கிற மாதிரி. விற்பனையாளர் தமிழர். பாலம் முட்டும் இடத்தில் லேசர் விளக்கை வைத்து, "அண்ணே, ரயில விட்டு எறங்குறவன் மொதல்ல பாக்குற கடை ஒங்களுதுதான். ரெண்டு லாட்டுதான் மிச்சம். ஒண்ண நம்ம ஆளுக்குக் குடுக்கணும்னு மேனேஜர்கிட்ட சொல்லி நிறுத்தி வச்சிருக்கேன்" என்றார். பாலத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டதா என்று கேட்டதற்கு, "அப்ரூவ் ஆவாம மாடல்ல வைக்க முடியுமாண்ணே?" என்று திருப்பிக் கேட்டார். அந்த ஒரு கேள்வியில்தான் நம்பிக்கை வந்தது.

வைக்க முடியும். மாதிரியில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். அடிப்பலகையின் ஓரத்தில், முழங்கால் உயரத்தில், இது ஓவியரின் கற்பனை மட்டுமே என்று மலாயில் பொடி எழுத்தில் எழுதியிருந்தது. அன்று மாலையே 2 விழுக்காடு, 7,680 வெள்ளி, கார்டில் போனது. 14 நாளுக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் அது திரும்பாது என்று பாரத்தில் இருந்தது. கையெழுத்தன்று 8 விழுக்காடு, 30,720 வெள்ளி. இரண்டும் சேர்ந்து 38,400.

இனி, இது எப்படி நடக்கிறது என்பது. பலருக்கும் பிடிபடாத இடம் இதுதான். ஒரே கட்டடம், ஒரே மேம்பாட்டாளர், ஒரே விற்பனைக் கூடம். ஆனால் மேல்மாடி வீட்டை வாங்குபவருக்கு ஒரு சட்டம், கீழே கடையை வாங்குபவருக்கு வேறு சட்டம்.

வீடு வாங்குபவருக்கு 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம் காவல் இருக்கிறது. வணிக நிலத்தில் கட்டிய சர்வீஸ் அபார்ட்மென்டையும் அது இப்போது காக்கிறது. அதில் ஒப்பந்தப் படிவமே அரசு வகுத்தது, அடுக்குமாடிக்கு அட்டவணை எச். மேம்பாட்டாளர் இஷ்டத்துக்கு ஒரு வரி சேர்க்க முடியாது. கையெழுத்துக்கு முன்னால் புக்கிங் என்று பணம் வாங்கக் கூடாது. 36 மாதத்தில் சாவி தர வேண்டும், தாமதமானால் ஆண்டுக்கு 10 விழுக்காடு நாள் கணக்கில் இழப்பீடு. விதியை மீறி புக்கிங் பணம் வாங்கியிருந்தால், அந்த 36 மாதமும் அதைக் கட்டிய தேதியிலிருந்தே தொடங்கும் என்று 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. எல்லாவற்றையும் விட முக்கியமானது இது: வருமானம் போதவில்லை என்று பேங்க் கடனை மறுத்து, அதற்கான கடிதத்தை வாங்கியவர் காட்டினால், மேம்பாட்டாளர் விலையில் 1 விழுக்காட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும்.

கடை லாட்டுக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. ஒப்பந்தத்தை மேம்பாட்டாளரின் லோயரே எழுதுகிறார். அதில் என்ன இருக்கிறதோ அதுதான். இதே 384,000 வெள்ளிக்கு வீடு வாங்கி, வருமானம் போதவில்லை என்று கடன் மறுக்கப்பட்டால் 3,840 வெள்ளிதான் போகும். கடை என்பதால் 38,400 வெள்ளி. ஒரு சுழியம் கூடிப்போவது இப்படித்தான்.

விளம்பரக் கையேட்டிலும் இதே வித்தியாசம் தெரிகிறது. வீடமைப்பு விளம்பரத்தில் பயண நேரத்தைப் போடக் கூடாது, வாடகை வருமானம் இவ்வளவு வரும் என்று போடக் கூடாது, இலவச லோயர் செலவு என்று போடக் கூடாது. விதிமுறையே அப்படி. வீட்டுக்கான கையேட்டை எடுத்துப் பார்த்தால் உரிம எண், அனுமதி எண், முடியும் தேதி எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. கடைக்கான கையேட்டில் அந்த மூன்று தடையும் மூன்று வரியாக இருக்கின்றன: நிலையத்துக்கு 2 நிமிட நடை, 7 விழுக்காடு வாடகை வருமானம், லோயர் செலவு இலவசம். விதி தெரியாமல் செய்ததல்ல. எந்த விதி எந்தத் தளத்தோடு நிற்கிறது என்று நன்றாகத் தெரிந்தே செய்திருக்கிறார்கள்.

அந்த 2 நிமிடத்தை அளந்தாயிற்று. வரைபடத்தில் நேர்கோடு 180 மீட்டர்தான். ஆனால் கால் நேர்கோட்டில் போகாது. லாட்டிலிருந்து இறங்கி, கார் நிறுத்துமிடச் சரிவைச் சுற்றி வெளியே வந்து, சாலையோரமாகச் சிக்னல் வரை போய், ஆறு தடத்தைக் கடந்து, நிலையப் படியேறி டிக்கெட் தடுப்பைத் தொட 740 மீட்டர். நிமிடத்துக்கு 80 மீட்டர் நடந்தாலும் ஒன்பது நிமிடத்துக்கு மேல், சிக்னலில் நிற்பது தனி. நிலையத்தைச் சுற்றி 400 மீட்டருக்குள் இருந்தால்தான் ஜனங்கள் யோசிக்காமல் நடப்பார்கள் என்று திட்டமிடுவோர் கணக்கு வைக்கிறார்கள். அந்த 400 வானத்தில் அளப்பதல்ல, காலால் அளப்பது.

பாலம் இருந்தால் கடைக்கு உயிர், இல்லாவிட்டால் இல்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மோனோரயில் 2003-இல் ஓடத் தொடங்கியது. பெரிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரல் கண்ணெதிரே தெரிந்தும் வெயிலிலும் மழையிலும் சாலையோரமாக நடந்துதான் போனோம். 2014-இல் நு சென்ட்ரல் பேரங்காடி திறந்த பிறகுதான் இரண்டும் உள்ளுக்குள் சேர்ந்தன. பதினோரு வருடம். பெயரிலேயே சென்ட்ரல் இருக்கிற நிலையத்துக்கே இந்தக் கதி. புறநகரில் அக்ரிலிக்கில் ஒட்டிய பாலம் எப்போது வரும்?

ஒரு பாலம் வர வேண்டுமென்றால் ரயில் சொத்தை வைத்திருக்கும் தரப்போடு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். சாலைக்கு மேலே போனால் அந்தச் சாலைக்குப் பொறுப்பானவரின் அனுமதி வேண்டும். ஊராட்சி மன்றத்தில் திட்ட அனுமதியிலும் கட்டட வரைபடத்திலும் பாலம் வரையப்பட்டிருக்க வேண்டும். யார் கட்டுவது, யார் பராமரிப்பது, இரவில் எத்தனை மணிக்குப் பூட்டுவது என்பது வரை பேசி முடித்திருக்க வேண்டும். நிலையக் கூடத்தின் தரைமட்டமும் நம் தளத்தின் மட்டமும் ஒத்துப்போக வேண்டும். இங்கே இதில் ஒன்றுகூட நடக்கவில்லை. மன்றத்தின் முகப்பில் கேட்டபோது, இந்தத் திட்டத்துக்குப் பாலம் கேட்டு விண்ணப்பமே வரவில்லை என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

அதைவிட வயிறெரியும் விஷயம், மன்றத்துக்கே போயிருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் தள வரைபடத்தை ஏ4 தாளில் சுருக்கி இணைத்திருக்கிறார்கள். பாலம் முட்ட வேண்டிய இடத்தில் கனமான முழுச் சுவர். சுவருக்கு உள்பக்கம், பூதக்கண்ணாடி வைத்தால் படிக்கிற எழுத்தில், ஏசி இயந்திர அறை என்று மலாயில் இருக்கிறது. 96 பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடமெல்லாம் மஞ்சள் ஒட்டுத்தாள் வைத்து, லோயர் அலுவலகக் கிளார்க் இருபது நிமிடத்தில் புரட்டி முடித்துவிட்டார். இலவச லோயர் என்றால் அவர் மேம்பாட்டாளரின் லோயர். நமக்காக எதையும் படிக்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

கடனுக்கு 85 விழுக்காடு உறுதி என்றார்கள். பேங்க் கொடுக்க முன்வந்தது 70. இடைவெளி 57,600 வெள்ளி. கடன் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்ற பிரிவு ஒப்பந்தத்தில் இல்லை. கையேடும் மாதிரியும் விற்பனையாளரின் வாய்ச்சொல்லும் ஒப்பந்தத்தில் சேராது என்ற பிரிவு மட்டும் தெளிவாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிலையத்தில் இத்தனை ஆயிரம் பேர் இறங்குவார்கள் என்று கையேட்டில் ஒரு எண் போட்டிருந்தார்கள், எந்த வருடத்துத் திட்டத்தின் கணக்கு என்று போடவில்லை. பண்டார் உத்தாமாவிலிருந்து ஜொகான் செத்தியா வரையிலான எல்ஆர்டி 3 பாதையின் செலவை 2018-இல் அரசாங்கம் 3,165 கோடி வெள்ளியிலிருந்து 1,663 கோடியாக வெட்டியபோது, ஆறு பெட்டி ரயில் 42 என்றிருந்தது மூன்று பெட்டி ரயில் 22 ஆனது. ஐந்து நிலையங்களும் நிறுத்தப்பட்டன: டிரோப்பிக்கானா, ராஜா மூடா, தெமாஸ்யா, புக்கிட் ராஜா, பண்டார் பொட்டானிக். 2023 அக்டோபர் பட்ஜெட்டில்தான் அவை திரும்பச் சேர்க்கப்பட்டன. அரசாங்கம் அறிவித்த நிலையமே காணாமல் போய்த் திரும்பி வருகிறது என்றால், தனியார் வரைந்த பாலத்தை எதை வைத்து நம்புவது?

பாலம் இல்லை என்று தெரிந்ததும் விற்பனையாளருக்குப் போட்ட முதல் செய்திக்கு, "மீட்டிங்ல இருக்கேன்ணே, கூப்புடுறேன்" என்று பதில். கூப்பிடவில்லை. இரண்டு வாரம் கழித்து, "நான் அந்தக் கம்பெனிய விட்டுட்டேன்ணே, ஆபீஸ்ல பேசிக்குங்க." ஆபீஸில், கடன் பிரிவுக்கு மின்னஞ்சல் போடச் சொன்னார்கள். கடன் பிரிவு சட்டப் பிரிவுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னது. சட்டப் பிரிவு, நேரில் யாரையும் பார்ப்பதில்லை என்றது. நடுவில் ஒரு நாள் ஒரு அம்மா போன் செய்து, 38,400 வெள்ளியை இழக்காமல் இருக்க ஒரு வழி உண்டு, மூன்றாம் தளத்தில் 46,000 வெள்ளி அதிக விலையுள்ள லாட்டுக்கு மாற்றித் தருகிறோம் என்றார். பாலமில்லாத கட்டடத்தில் இன்னும் ஒரு மாடி மேலே! மறுத்த ஒன்பதாம் நாள் பறிமுதல் கடிதம்.

வீடு வாங்குவோருக்கான நடுவர் மன்றத்தில் 10 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை கேட்கலாம். ஆனால் கடை லாட் என்றதும் எங்கள் வரம்பில் வராது என்றார்கள். சிறு கோரிக்கை வழக்கு 5,000 வெள்ளியோடு நின்றுவிடும். மிச்சம் மாஜிஸ்திரேட் நீதிமன்றம்தான். ஒப்பந்தத்தை மீறினால் நியாயமான இழப்பீடு மட்டுமே என்கிற ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவுக்குள் முன்பணப் பறிமுதலும் வரும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் பிடித்த தொகை நியாயமில்லை என்று காட்ட வேண்டியவர் பணத்தை இழந்தவர். 10 விழுக்காடு என்பது வழக்கமான அளவு, கஷ்டம்தான் என்கிறார் லோயர். அவருக்குக் கட்டும் காசு வேறு.

எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று முடிவில் எழுதுகிறேன் என்றேன், விரிவாக எழுத இப்போது மனசு இல்லை. இவ்வளவை மட்டும் செய்யுங்கள். வாங்குவது வீடா கடையா, ஒப்பந்தம் அட்டவணை எச்-ஆ என்று முதலில் கேளுங்கள். சோஹோ, சோவோ என்று சிறு அலுவலகம் போன்ற பெயர் வைத்திருந்தால் இரண்டு தடவை கேளுங்கள். பாலம் என்றால் அனுமதி பெற்ற வரைபடத்தைக் கேளுங்கள், காட்டாவிட்டால் எழுந்து வாருங்கள். கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பும் என்ற பிரிவு இல்லாமல் 100 வெள்ளிகூடக் கட்டாதீர்கள். சொந்த லோயர் வையுங்கள். பராமரிப்புக் கட்டணத்தைப் பிரித்துப் போடும் அளவான பங்கு அலகு கடைக்கு எத்தனை என்று கேளுங்கள், ஒரே சதுர அடிக்கு வீட்டைவிடக் கடைக்குக் கூடுதலாக வரும். காலை ஏழு மணிக்கு ஒரு தடவை நிலையத்திலிருந்து கடை வாசல் வரை நடந்து பாருங்கள்.

நேற்று தெரிந்தவர் ஒருவரை அந்த விற்பனைக் கூடத்துக்குப் போய்ப் பார்க்கச் சொன்னேன். மாதிரி அங்கேயே இருக்கிறது, பாலமும் அப்படியே ஒட்டியிருக்கிறது. வேறொரு பையன் நின்று, இரண்டு லாட்தான் மிச்சம் என்று சொன்னானாம்.