சிங்கப்பூர்ல எங்க வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டு ஹாலுக்கு ப்ரொஜெக்டர் ஸ்க்ரீன்: ரெண்டு தடவ வாங்கின கத

இப்போ நான் வச்சிருக்கிறது 100 இன்ச் ஃபிக்சட் ஃப்ரேம் (சுருட்டாம சட்டத்துல இழுத்துக் கட்டுறது), சாம்பல் கலர் துணி, கெயின் (துணி வெளிச்சத்த எவ்ளோ திருப்பிக் கொடுக்கும்ங்கிற கணக்கு) 0.8, வெல 480 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஒரு வருஷம் ஆச்சு, திருப்தியா இருக்கு. ஆனா இதுக்கு முன்னாடி ஒரு மோட்டார் ஸ்க்ரீனுக்கு 350 வெள்ளி தண்டம் அழுதேன், அந்த எரிச்சல்ல தான் இத டைப் பண்றேன்.

பொங்கோல்ல 4 ரூம் வீடு நமக்கு. பட்டன தட்டுனா மோட்டார் ஸ்க்ரீன் சுருண்டு மேல போயிடும், ஹால் ஹாலாவே இருக்கும்னு கடையில ஆச காட்டுனாங்க, வீட்டம்மாவும் ஓகேன்னுட்டாங்க. வந்தது பாருங்க, பெட்டி ரெண்டரை மீட்டருக்கு மேல நீளம், எங்க ப்ளாக் லிஃப்ட்ல சாய்ச்சு வச்சும் நுழையல, பாவம் டெலிவரி பசங்க ரெண்டு பேரும் 9 மாடி படியில தூக்கிட்டு வந்தாங்க, அதுக்கு தனியா 40 வெள்ளி. மாட்டி நாலு மாசம் கூட ஆகல, துணியில அல அலயா வி ஷேப்ல சுருக்கம் விழ ஆரம்பிச்சிருச்சு. கேமரா சைடா நகர்ற சீன்ல எல்லாம் கட்டடம் தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி நெளியுது. அதோட நம்ம ஊர்ல ஃபேன் போடாம உக்கார முடியுமா, ஃபேன் காத்துக்கு துணி வேற ஆடுது. கடைக்கு ஃபோன் அடிச்சா வாரண்டி மோட்டாருக்கு மட்டும் தானாம், துணிக்கு இல்லயாம், ஃபேன ஆஃப் பண்ணிட்டு பாருங்கன்னு யோசன வேற சொல்றாங்க. நல்லா இருங்கடா. மோட்டார் தான் வேணும்னு அடம் புடிக்கிறவங்க டேப் டென்ஷன் (tab tension) வச்சது வாங்குங்க, ரெண்டு பக்கமும் கயிறு துணிய இழுத்து புடிச்சுக்கும், ஆனா வெல கிடுகிடுன்னு ஏறும்.

ரெண்டாவது தடவ கொஞ்சம் உஷாராயிட்டேன். ரோச்சர் பக்கம் ஒரு கடையில டெமோ ரூம் இருக்கு, உள்ள போனா கும்மிருட்டு. இருட்டுல பெட்ஷீட்ட கட்டித் தொங்க விட்டா கூட படம் சூப்பரா தான் தெரியும். அங்கிள் லைட்ட கொஞ்சம் போடுங்கன்னு கேட்டேன், அவருக்கு மூஞ்சி மாறிருச்சு, ஆனா போட்டாரு. அப்போ தான் வெள்ளத் துணிக்கும் சாம்பல் துணிக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கு தெரிஞ்சுது. வெள்ளையில கறுப்பு எல்லாம் வெளுத்துப் போயிடுது, சாம்பல்ல கறுப்பு கறுப்பா நிக்குது, வெளிச்சம் கொஞ்சம் குறையும் அவ்ளோ தான். தமிழ்ப் படம் முக்கால்வாசி ஸ்கோப்ல (உயரம் கம்மியா, ரொம்ப அகலமா) வருது இல்ல, 100 இன்ச் ஸ்க்ரீன்ல மேலயும் கீழயும் சுமார் 15 சென்டிமீட்டர் கறுப்புப் பட்ட விழும், அந்த பட்ட வெளுத்துத் தெரிஞ்சா எனக்கு படமே ஓடாது. அதுக்காக ஸ்கோப் சைஸ் ஸ்க்ரீனே வாங்கலாம்னு பாத்தேன், வீட்ல கிரிக்கெட் பாக்கிற கூட்டம் பெருசு, அதனால டிவி மாதிரி 16:9 தான்.

வெளி வெளிச்சத்த வெட்டுற ஏஎல்ஆர் துணியும் காட்டுனாரு. நேரா உக்காந்து பாத்தா அட்டகாசம், ஆனா சைடுக்குப் போகப் போக மங்குது, எங்க அத்தை உக்கார்ற எடம் சரியா அந்த மூலை தான். வெலயும் ரெண்டு மூணு மடங்கு. அந்த காசுல 120 வெள்ளிக்கு தடிமனான திரைச்சீல வாங்கி ஜன்னல்ல போட்டேன், பகல்ல அது தான் கை கொடுக்குது, நெசமாலுமே.

இந்த எடத்துல மச்சான் கதைய சொல்லியே ஆகணும். தெம்பனிஸ்ல இருக்காரு, ஆன்லைன்ல நல்ல ஆஃபர்னு சிஎல்ஆர் ஸ்க்ரீன் ஒண்ணு வாங்கிட்டாரு. அது சுவர ஒட்டி கீழ வைக்கிற அல்ட்ரா ஷார்ட் த்ரோ ப்ரொஜெக்டருக்கு உள்ளது. துணியில கண்ணுக்குத் தெரியாத ரம்பப் பல் மாதிரி வரி வரியா இருக்கும், கீழ இருந்து வர்ற வெளிச்சத்த நம்ம பக்கம் திருப்பும், மேல சீலிங்ல இருந்து வர்றத முழுங்கிடும். மச்சானோட ப்ரொஜெக்டர் எங்க தொங்குது? சீலிங்ல! படம் போட்டா அமாவாச ராத்திரி மாதிரி இருக்கு, பல்பு போயிருச்சுன்னு சர்வீஸ் வேற கொடுத்துட்டு வந்திருக்காரு மனுஷன். வாங்கிறதுக்கு முன்னாடி ப்ரொஜெக்டர் எந்த வகை, எங்க வைக்கப் போறீங்கன்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் துணியப் பாருங்க.

சைஸ் விஷயத்துல எனக்கும் 120 இன்ச் ஆச இருந்துச்சு. 100 இன்ச்னா அகலம் 221 சென்டிமீட்டர் உயரம் 125, 120னா 266க்கு 149. மாஸ்கிங் டேப் வாங்கி சுவர்ல ரெண்டு சைஸும் ஒட்டி ஒரு வாரம் விட்டேன், வீட்டம்மா போறப்ப வர்றப்ப எல்லாம் ஒரு மாதிரி பாத்தாங்க. 120ல பரப்பளவு 44 சதவீதம் கூடுது, அதே ப்ரொஜெக்டர் வெளிச்சம் அவ்ளோ எடத்துல பரவுனா கிட்டத்தட்ட 3ல 1 பங்கு மங்கிடும். எங்க சோஃபாவுல இருந்து சுவர் 3 மீட்டர், அந்த தூரத்துக்கு 100 இன்ச்சே கண்ண நெறைக்குது. இன்னொண்ணு, ப்ரொஜெக்டருக்கும் ஸ்க்ரீனுக்கும் நடுவுல சீலிங் ஃபேன் வருதான்னு பாத்துக்குங்க. எனக்கு வந்துச்சு. ஹீரோ என்ட்ரி கொடுக்கிறப்ப தலைக்கு மேல ஃபேன் றெக்க நெழல் சுத்துது, ஷெல்ஃப ஒரு சாண் கீழ எறக்கி தான் சரி பண்ணேன்.

மாட்டுறது சுலபம் தான். ஃப்ரேம் துண்டு துண்டா வர்றதால லிஃப்ட் பிரச்சன இல்ல, ஸ்ப்ரிங்க கொக்கி கொக்கியா இழுத்து மாட்டணும், ஒத்த ஆளா முடியாது, ரெண்டு பேருக்கு ஒன்றரை மணி நேரம் ஆச்சு. துணி ட்ரம் மாதிரி விறைப்பா நிக்குது, ஒரு சுருக்கம் கிடையாது. சுத்தி இருக்கிற கறுப்பு வெல்வெட் பார்டர் தான் தூசிய காந்தம் மாதிரி இழுக்குது, சட்டத் துணியில தூசி எடுக்கிற ஒட்டு ரோலர் வச்சு வாரம் ஒரு தடவ எடுப்பேன். சுவர்ல ஓட்ட போடுறதுக்கு முன்னாடி அது பாம் ஷெல்டர் (வீட்டுக்குள்ளயே கட்டியிருக்கிற பாதுகாப்பு அறை) சுவரான்னு பாத்துக்குங்க, அதுல கண்டபடி ட்ரில் பண்ண முடியாது, விதிமுறை இருக்கு. ஞாயித்துக்கிழம ட்ரில்ல எடுத்துடாதீங்க, பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவ தட்டுவாங்க.

இப்போதைக்கு ஒரே குறை பல்லி. ஃப்ரேமுக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கிற சந்துல குடும்பம் நடத்துது, படம் ஓடுறப்ப அப்பப்ப வெளிய வந்து ஓரமா நின்னு பாத்துட்டு போகுது.