அப்பாவை நடக்க வைத்த பிசியோதெரபிப் பிரிவு

புள்ளி போடச் சொன்னால் சிகிச்சைக்கு ஐந்துக்கு ஐந்தும் போடுவேன். அந்தப் பிரிவுக்கு ஆள் போட்டிருக்கும் விதத்துக்கு இரண்டுக்கு மேல் போட மனம் வரவில்லை. வன்னியில் உள்ள அரச வைத்தியசாலை ஒன்று. அங்கே வேலை செய்கிறவருக்குச் சிக்கல் வரக்கூடாது என்பதால் பெயரை விடுகிறேன்.

காலபோக விதைப்பு முடிந்த கையோடு அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. வாட்டில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகு நான்கு மாதம், கிழமைக்கு இரண்டு நாள், விசுவமடுவில் இருந்து கூட்டிப்போனேன்.

முதல் நாளே அங்கே பிசியோதெரபி செய்கிற மிஸ் என்னைத் தடுத்தார். நான் வழக்கம்போல அப்பாவின் வலக்கையைப் பிடித்துத் தூக்கப் போனேன். "அக்கா, கையில பிடிச்சு இழுக்காதேங்கோ. தோளைப் பிடிச்சு வைச்சிருக்கிற தசைக்கு இப்ப பலமில்லை, மூட்டு இறங்கிப்போடும்." பிறகு அப்பாவின் இடுப்பில் பட்டியைக் கட்டி, தன் முழங்காலை அவருடைய முழங்காலுக்கு முண்டு கொடுத்து, "ஐயா, மூக்கை முன்னுக்குக் கொண்டு வாங்கோ, இப்ப எழும்புங்கோ" என்றார். எழுபது கிலோ மனிதர் எழும்பி நின்றார். வாட்டில் ஒருவரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

இரண்டு பேர் வேலை செய்ய வேண்டிய இடம் அது. மற்றவர் பிரசவ லீவில் போக, பதிலுக்கு ஒருவரும் வரவில்லை. ஒரு நாள் எங்கள் நம்பர் 34. 2009இல் முதுகில் ஷெல் துண்டு பட்டு இன்றும் சக்கர நாற்காலியில் வருகிறவர், பொய்க்கால் மாற்றியதால் புண் வந்தவர், மோட்டார் சைக்கிளில் விழுந்த பெடியன், நாற்று நட்டே முழங்கால் தேய்ந்த அம்மாமார் என்று வாங்கு நிறைய ஆட்கள். ஒவ்வொருவரையும் கையால் தூக்கி, அழுத்தி, பிடித்து நடத்த வேண்டும். மருந்து எழுதிக் கொடுத்து அனுப்புகிற வேலை இல்லை.

மூன்றாம் மாதம் மிஸ்ஸின் போக்கு மாறிவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே "பத்துத் தரம் செய்யுங்கோ" என்றுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். எந்தப் பக்கம் விழுந்தது என்று திரும்பக் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பாவிடம் குறை சொன்னேன்.

பிறகு ஒரு நாள் இரண்டரை மணிக்கு, விட்டுவிட்டு வந்த கொப்பியை எடுக்கப் போனேன். திரைக்குப் பின்னால், திறக்காத சாப்பாட்டுப் பார்சலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, நோயாளிகளுக்கு வைக்கும் சூட்டு ஒத்தடப் பையில் தன் பெருவிரலை வைத்திருந்தார். விரல் அடி வீங்கியிருந்தது. "ராவில நித்திரை வருகுதில்லை அக்கா. விரல் நோகிறது பரவாயில்லை. ஆக்கள் நோகுது எண்டு சொல்லேக்க எனக்கு ஒண்டும் செய்யுதில்லை. அதுதான் பயமாக் கிடக்கு."

இதை ஆங்கிலத்தில் burnout என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை வேலையால் வருகிற நிலை என்று விளக்கியது: உடம்பும் மனமும் வற்றிப்போவது, வேலையில் இருந்து மனம் விலகிப்போவது, செய்வதில் பலன் இல்லை என்று தோன்றுவது. நான் குணம் கெட்டுப்போச்சு என்று நினைத்தது இதைத்தான். இரண்டு கிழமை லீவை விட மிஸ்ஸுக்கு வேண்டியது பக்கத்தில் இன்னொரு ஆள். வெற்றிடத்தை நிரப்பச் சொல்லி வைத்தியசாலைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாங்கில் இருந்த பதினொரு பேர் கையெழுத்து வைத்தார்கள். இன்னும் பதில் இல்லை.

அப்பா இப்போது தடியோடு கிணற்றடி வரை போகிறார். அங்கே போகிறவர்களுக்குச் சொல்ல இருப்பது இதுதான்: காலை ஏழு மணிக்கு முன்னமே நம்பர் எடுங்கள், கிளினிக் கொப்பியை மறக்காதீர்கள், சொல்லித் தந்த பயிற்சியை வீட்டில் ஒரு நாளும் விடாமல் செய்யுங்கள். ஆளை எழுப்புகிற விதத்தை நீங்களே பழகிக்கொண்டால், கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாற்றும்போது மிஸ்ஸின் முதுகுக்கு ஒரு பாரம் குறையும்.