ரேக் விவசாயத்துக்கு எந்த எல்இடி? ஊதா விளக்கு, போர்டு, குழல் விளக்கு – ஓர் ஒப்பீடு

பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளி நாற்று விடுகிறவர்களுக்கு இது எதுவுமே தேவையில்லை. நிழல்வலைக்கு அடியில் இலவசமாக வெயில் இருக்கிறது. ஓசூரில் அறைக்குள் ரேக் அடித்து லெட்டூஸ் (சாலட் கீரை), மைக்ரோகிரீன்ஸ் (முளைத்த சில நாளிலேயே அறுக்கும் இளங்கீரை) போடுகிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு.

முதலில் ஊதா விளக்கு. அட்டையில் '1000 வாட்' என்று இருக்கும். வாட் மீட்டரில் சொருகிப் பார்த்தால் 100 தாண்டுவதே அபூர்வம். கூடவே கஞ்சா இலைப் படம். உடன் வரும் ஒளி அட்டவணையும் பெரும்பாலும் அந்தச் செடிக்கானதுதான். பூக்கும் பருவத்தில் அது 600-க்கு மேல் பிபிஎஃப்டி கேட்கும். (ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழும், செடிக்குப் பயன்படும் ஒளியின் அளவு இது.) இங்கே உரிமமில்லாமல் அதை வளர்த்தால் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் பாயும். லெட்டூஸுக்கு 150 முதல் 200 போதும், அந்த அட்டவணையைத் தூக்கிப் போடுங்கள். ஊதா வெளிச்சத்தில் இலை கறுப்பாகத் தெரிவது இன்னொரு தலைவலி. மஞ்சளடித்தாலும் இலைப்பேன் விழுந்தாலும் கண்ணில் படாது.

அடுத்து 100 வாட் போர்டு, அதாவது தட்டையான பலகையில் எல்இடி சிப்புகளைப் பதித்த விளக்கு. விளக்கு நல்லது, ரேக்குக்குப் பொருந்தாது. ஒளி சீராகப் பரவ ஒன்றரை அடி உயரமாவது வேண்டும். தட்டுகளுக்கு நடுவே அவ்வளவு இடம் விட்டால் இரண்டே அடுக்குதான் கட்ட முடியும். தாழ்த்திக் கட்டினால் நடுவில் இருக்கும் செடி வெளுத்துச் சுருளும், ஓரத்தில் இருப்பது வெளிச்சம் தேடி நீளும்.

மிஞ்சுவது எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 4 அடி, 20 வாட், 6500 கெல்வின் வெள்ளைக் குழல் விளக்கு. நம் ஓட்டு இதற்கே. 4-க்கு 2 அடி ரேக் தட்டில் 98 குழிகள் கொண்ட நாற்றுத் தட்டு நான்கு உட்காரும். அதற்கு ஆறு குழல்களை நான்கு அங்குல இடைவெளியில், இலைக்கு மேல் 20 முதல் 25 சென்டிமீட்டரில் கட்டினால் ஏறக்குறைய 180 பிபிஎஃப்டி கிடைக்கும். மொபைல் லக்ஸ் ஆப்பில் வரும் எண்ணை 70-ஆல் வகுத்தால் தோராயக் கணக்கு வரும். 12,000 லக்ஸ் காட்டினால் சரி. ஓரத்தில் பாதிக்குக் கீழே போனால், பழைய ஃப்ளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பக்கம் உள்ளே தெரியும்படி மூன்று புறமும் மறைத்துவிடுங்கள். 16 மணி நேரம் எரித்தால் ஒரு ரேக் தட்டுக்கு நாளைக்கு 2 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு.

வாங்கும்போது டிரைவரைக் கவனியுங்கள். மெயின் கரண்ட்டை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பகுதி அது. மலிவுச் சரக்கில் டிரைவர் தனியாக இருக்காது, சிப் இருக்கும் தகட்டிலேயே சேர்ந்திருக்கும். போர் மோட்டார் ஓடும் லைனில் வோல்டேஜ் ஏறி இறங்கும்போது ஒரு சிப் கருகினாலும் தொடரில் உள்ள மற்றவையும் அணையும். அதைவிட மோசம், மெயின் கரண்ட்டுக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவே மெல்லிய பூச்சு ஒன்றுதான் தடுப்பு. தண்ணீர் தெளிக்கும் இடத்தில் அது ஷாக் அடிக்கும். தனி டிரைவர், 100 முதல் 277 வோல்ட் தாங்குவது, பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் அச்சிட்டது என்று கேட்டு வாங்குங்கள். ரேக் சட்டத்துக்கு எர்த் கட்டாயம்.

டைமர் சுழற்று வகை வேண்டாம். கரண்ட் போன நேரமெல்லாம் அதுவும் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் கட் ஆனால் மறுநாள் விளக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் எரியும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள். லெட்டூஸ் இலை நுனி கருகினால் விளக்கைக் குறை சொல்வதற்கு முன் ஒரு சின்ன ஃபேன் வைத்துப் பாருங்கள். காற்றோட்டம் இல்லாவிட்டால் உள்குருத்துக்குக் கால்சியம் போய்ச் சேராது.