27,500 ரூபாய்க்கு ஒரு வளைந்த பேஸ் கிட்டார்: பழைய வாத்தியம் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கை நடுங்குகிற கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 27,500 ரூபாய். ஒரு பழைய பேஸ் கிட்டாருக்கும் (பாட்டின் அடிக்குரலை வாசிக்கிற நாலு கம்பிக் கிட்டார்) அதோடு தலையில் கட்டிய சின்ன ஆம்ப்புக்கும் (அதன் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற ஸ்பீக்கர் பெட்டி) நான் எண்ணிக் கொடுத்த பணம். இன்று மதியம் கிட்டார் ரிப்பேர் பார்க்கிறவர் இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டு, "நெக்கே மாத்தணும்க்கா. மாத்துற செலவுக்கு இது லாயக்கில்லை" என்று சொல்லிவிட்டார்.

கடையின் பெயரை இப்போது போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அதற்கு முன்னால் அவதூறு என்று அவர்கள் கிளம்ப நான் ஏன் வழி செய்து கொடுக்க வேண்டும்? பழைய வாத்தியங்களை வாங்கி, துடைத்துப் பளபளப்பாக்கி, நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து ஆன்லைனில் போட்டு விற்கிற ஒரு மாடிக் கடை. சென்னையில் இருக்கிறது. அவ்வளவு போதும்.

நாற்பது வயசுக்கு மேல் பேஸ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: இளையராஜா பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டவுன் பஸ்ஸின் ஓட்டை ஸ்பீக்கரில் பாடகரின் குரல் பாதி கேட்காது, அடியில் ஓடுகிற பேஸ் மட்டும் சீட்டு வழியாக முதுகில் ஏறும். அதை ஒருநாளாவது நானே வாசிக்க வேண்டும் என்று காலேஜ் காலத்திலிருந்து ஆசை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், சாயங்காலம் ஒரு மணி நேரம் எனக்கென்று கிடைக்கிறது. ஆன்லைனில் சொல்லித்தர ஒரு வாத்தியார் கிடைத்தார். வாத்தியம்தான் பாக்கி.

அந்தக் கடைக்குப் போனேன். பையன் ஒருத்தன், இருபத்தைந்து வயசிருக்கும், வாங்கக்கா என்று சேர் போட்டான். எனக்கு ஒன்றும் தெரியாது, இப்போதுதான் கற்றுக்கொள்ளத் தொடங்குகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "இந்த வயசுல கத்துக்கணும்னு வந்திருக்கீங்க பாருங்க, அதுவே பெரிய விஷயம்க்கா. உங்களுக்கு நான் தப்பான பொருள் குடுக்க மாட்டேன்" என்றான். சுவரிலிருந்து ஒரு பேஸை இறக்கினான். ஜப்பான் மேக்காம். ஒரே ஓனராம். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாசித்ததாம். பழைய மாருதி விற்பவர்கள், டாக்டர் வச்சிருந்த வண்டி சார் என்பார்களே, அதே பாட்டு.

அப்புறம் அதை மடியில் வைத்து வாசித்துக் காட்டினான். அங்கேதான் நான் விழுந்தேன். கடையின் மூலையில் இருந்த பெரிய ஆம்ப்பில் சொருகி, கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். தரை அதிர்ந்தது. எனக்குப் புல்லரித்தது. அவனுடைய இடது கை கடைசிவரை முதல் நாலு ஃப்ரெட்டைத் (கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டைகள்) தாண்டவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. தற்செயலாக நடந்ததல்ல அது, எங்கே வாசித்தால் குட்டு உடையாது என்று அவனுக்குத் தெரியும்.

பேஸ் 21,000, ஆம்ப் 6,500. ஆம்ப் என்று கொடுத்தது அந்தப் பெரிய ஆம்ப் அல்ல, வீட்டுக்கு இது போதும்க்கா என்று எடுத்த ஒரு 10 வாட் பெட்டி. இது பேஸுக்கானதுதானா என்று கேட்டேன். கேட்டேன்! அவன் பெட்டியின் மேலிருந்த ஒரு திருகியைத் தொட்டுக் காட்டி, "பாருங்கக்கா, பேஸ்னே போட்டிருக்கு" என்றான். அந்தத் திருகி அநேகமாக எல்லா கிட்டார் ஆம்ப்பிலும் இருக்கும், ரேடியோவில்கூட இருக்கும். அடிக்குரலைக் கூட்டிக் குறைக்கிற திருகி அது. சாதாரண கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்கு 82 தடவை அதிரும். பேஸின் தடித்த கம்பி அதில் பாதி, 41 தடவைதான். அந்தக் குட்டி ஸ்பீக்கரால் அதைத் தாங்கவே முடியாது. கொஞ்ச நாளில் அதன் காகிதக் கூம்பு கிழிந்து கரகரக்க ஆரம்பித்தது. 6,500 அங்கே போயிற்று.

பேஸின் கதை இன்னும் மோசம். முதல் சில ஃப்ரெட்டுகளில் பரவாயில்லை. ஏழாவதைத் தாண்டினால் கம்பி உலோகத்தில் உரசி ஜிர்ர்ரென்று இரையும், சில இடங்களில் ஸ்வரமே எழாமல் டொக்கென்று செத்துவிடும். நடுவில் கம்பி எழும்பி நிற்பதால் அழுத்தி அழுத்தி விரல் நுனி கன்றிப்போனது. ஸ்வரம் சரியா என்று காட்டுகிற ட்யூனர் ஆப்பில், விரல் வைக்காத திறந்த கம்பி சரியாகக் காட்டும், அதே கம்பியை மேலே அழுத்தினால் முள் ஒரு பக்கமாக ஓடிவிடும். வாத்தியாருக்கும் பிடிபடவில்லை. வீடியோ கால் இருக்கிறதே, அது பேஸின் ஒலியைக் கூச்சல் என்று நினைத்துப் பாதியை வடிகட்டிவிடும். அவர் பக்கம் கேட்டதெல்லாம் தட்டுகிற சத்தம்தான்.

கடைக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். "வாசிக்க வாசிக்க சரியாயிடும், விரல் இன்னும் செட்டாகலை" என்று பதில். நேரில் போனேன். டெக்னீஷியன் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருக்கிறார். மறுபடி போனேன். ஓனர் ரெக்கார்டிங்கில் இருக்கிறார், நாளைக்குக் கூப்பிடச் சொல்கிறேன். எந்த நாளையும் வரவில்லை. வாட்ஸாப்பில் இரண்டு நீல டிக், அதற்கு மேல் அவர்களுடைய ஸ்டேட்டஸில் இன்னொரு பேஸ் விற்பனைக்கு. ஒருவழியாக ஓனர் போனில் சிக்கியபோது, "லேடீஸ் கைக்கு பேஸ் கொஞ்சம் கஷ்டம் மேடம், உக்குலேலே ட்ரை பண்ணுங்களேன்" என்றார். உக்குலேலே என்றால் குட்டிக் கிட்டார் மாதிரி ஒரு வாத்தியம். வாங்குகிறவரை அக்கா, குறை சொன்னதும் மேடம்.

எனக்கு ஆறவே ஆறாதது இதுதான். கற்றுக்கொள்ள வந்தவளுக்குச் சத்தம் கரகரப்பது தன் விரலாலா வாத்தியத்தாலா என்று தெரியாது. தெரியாது என்பதை அவர்களிடம் நானே சொல்லியிருந்தேன். அதையே பிடித்துக்கொண்டு பழியை என் விரலில் ஏற்றி இத்தனை நாள் ஓட்டினார்கள். எனக்கு வராது என்று நான் கிட்டத்தட்ட நம்பியே விட்டேன். போன வாரம் வாத்தியார் வேறு வேலையாகச் சென்னை வந்தார், தன்னுடைய பேஸைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். என்னுடையதில் செத்துப்போகிற அதே இடத்தில் விரலை வைத்தேன். மணி மாதிரி ஒலித்தது. அவர் என் பேஸை வாங்கி ஒரு நிமிஷம் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் ரிப்பேர்காரரின் நம்பரைக் கொடுத்தார்.

ரிப்பேர்காரர் காட்டியது: பேஸின் கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்று ஓர் இரும்புக் கம்பி ஓடும். நாலு கம்பிகளும் இழுக்கிற இழுப்பில் மரம் முன்னால் வளையாமல் தாங்குவது அதுதான், சாவி போட்டு முறுக்கிச் சரிசெய்வார்கள். தலைப்பக்கம் அதை மூடியிருக்கும் சின்னத் தகட்டைக் கழற்றினார். தகட்டின் மூன்று ஸ்க்ரூவும் புத்தம் புதுசு, மற்றதெல்லாம் துருப்பிடித்தது. உள்ளே சாவி போகிற குழி இல்லை. எம்சீல் வைத்து அடைத்து, மேலே கறுப்பு மையால் தடவி வைத்திருக்கிறார்கள். முறுக்கும் மரை தேய்ந்து போயிருக்கிறது, அதை மறைக்க அடைப்பு. வளைந்த கழுத்தில் கம்பி உயரமாகத் தெரியாமலிருக்க, ப்ரிட்ஜில் (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பாகம்) கம்பி உட்காரும் துண்டுகளை அடியோடு இறக்கியிருக்கிறார்கள், உரசல் அதனால்தான். போதாக்குறைக்குக் கழுத்து ஒரு பக்கமாகத் திருகியும் இருக்கிறது.

அங்கிருந்தே கடைக்குப் போன் போட்டேன். சென்னை ஈரக்காற்றில் மரம் வளையத்தான் செய்யும், ஏசி ரூமில் வைத்திருக்க வேண்டும் என்றார் ஓனர். எம்சீலும் ஈரக்காற்றில் வந்ததா என்று கேட்டேன். சத்தமில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றதற்கு, வேண்டுமானால் எக்ஸ்சேஞ்சில் 6,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறோம் என்கிறார். ஏன் 6,000 தெரியுமா? "நெக் வளைஞ்சிருக்குல்ல மேடம்." இத்தனை நாள் என் விரலில் இருந்த குறை, அவர்கள் வாங்குகிற நேரம் வந்ததும் வாத்தியத்துக்கு வந்துவிட்டது! 27,500 கொடுத்த எனக்கு 6,000.

வாங்குமுன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று விலாவாரியாக எழுத நினைத்துத்தான் ஆரம்பித்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, அவசரத்துக்குச் சிலது. நாலு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் நீங்களே அழுத்திக் கேளுங்கள், கடைக்காரன் வாசித்துக் காட்டுவதைக் கேட்டு மயங்காதீர்கள். வீட்டுக்கு எடுத்துப்போகப் போகிற ஆம்ப்பிலேயே கேளுங்கள். தலைப்பக்கத் தகட்டைக் கழற்றி, சாவி போட்டுக் காட்டச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் இறங்கி வந்துவிடுங்கள். 27,500 ரூபாய்க்குப் பேர்போன கம்பெனியின் புது பேஸே கிடைக்கும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

எனக்குக் கொடுத்தது எஸ்டிமேட் என்று போட்ட ஒரு துண்டுச் சீட்டு, அடியில் 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது'. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராததும், பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம். நல்லவேளையாகப் பணத்தை ஜிபேயில் அனுப்பியிருந்தேன், வாட்ஸாப் பேச்சும் அப்படியே இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் நாளைக் காலை பேசப் போகிறேன். அதிலும் படியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. இதே மாதிரி மாடிக் கடையில் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால் பில்லையும் சேட்டையும் அழிக்காமல் வைத்திருங்கள்.