முதுகெலும்பில் பி.வி.என்.எஸ்.: கத்தியா, கதிரா, மாத்திரையா?

பி.வி.என்.எஸ். (பிக்மென்டட் வில்லோநாடுலர் சைனோவைட்டிஸ்) என்றாலே முழங்கால்தான் முதலில் ஞாபகம் வரும். மூட்டின் உள்ளுறை தடித்துக் கட்டியாகும் நோய் இது. புற்றுநோய் இல்லை, ஆனால் பக்கத்து எலும்பை அரிக்கும். அபூர்வமாக முதுகெலும்பின் பின்பக்கச் சிறு மூட்டான ஃபேசட்டிலும் கிளம்பும், கழுத்தில்தான் அதிகம். வெட்டி எடுத்தால் துருப்பிடித்த பழுப்பு நிறம்: உள்ளே கசிந்த ரத்தத்தின் இரும்பு. எம்.ஆர்.ஐ.யில் கட்டி கறுப்பாகத் தெரிவதும் அதனால்தான்.

என் ஓட்டு ஆபரேஷனுக்கு. ஆனால் முழுசாக எடுத்தால் மட்டும். துணுக்கு தங்கினால் மறுபடி வளரக்கூடும். இரண்டாம் முறை தழும்புக்குள் நரம்பைத் தேடுவது பெரும்பாடு. முழுசாக எடுக்க ஃபேசட்டையே எடுக்க வேண்டியிருக்கும், அப்புறம் எலும்பு ஆடாமல் ஸ்க்ரூவும் கம்பியும் போட வேண்டும். இதில் ஒரு சங்கடம்: இரும்பைக் காட்டிக்கொடுக்கும் அதே கிரேடியன்ட் எக்கோ என்ற எம்.ஆர்.ஐ. பட வகையைத்தான் உலோகம் அதிகமாகக் கெடுக்கும். கட்டி திரும்பியதா என்று பிறகு எப்படிப் பார்ப்பீர்கள் என்பதை டாக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

கதிர்வீச்சு, எடுக்க முடியாத மிச்சத்துக்கு. தண்டுவடம் தாங்கும் அளவுக்கு எல்லை உண்டு. இளவயதுக்காரர் என்றால், புற்றுநோயே இல்லாத கட்டிக்காகப் பல வருஷம் கழித்துப் புற்றுநோய் வரும் அபாயத்தை ஏற்பதா? எனக்கு மனம் ஒப்பவில்லை.

மாத்திரையின் கதை சுவாரசியமானது. கட்டியில் உண்மையான குற்றவாளிச் செல்கள் கொஞ்சம்தான். அவை சி.எஸ்.எஃப்.1 என்ற புரதத்தைச் சுரந்து மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்களைக் கூட்டம் கூட்டமாக வரவழைக்கின்றன. கட்டியின் பெரும்பகுதி இந்த விருந்தாளிகள்தான். அழைப்பை மறித்தால் கட்டி சுருங்கும். 2019இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்த பெக்சிடார்டினிப், 120 பேர் சோதனையில் 25 வாரத்தில் 39 சதவீதம் பேருக்குக் கட்டியைக் கணிசமாகச் சுருக்கியது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று மாத்திரை தந்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. ஆனால் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கக்கூடும், ஐரோப்பா அனுமதி மறுத்தது. 2025இல் வந்த விம்செல்டினிப் வாரத்துக்கு இரண்டு முறை போதும், பலனும் ஏறக்குறைய அதே அளவு. இரண்டு சோதனைகளிலும் முழங்கால்காரர்களே அதிகம் என்பதை மறக்க வேண்டாம்.

கழுத்து ரத்தக்குழாயைக் கட்டி சுற்றிக்கொண்டு, கத்தி நுழைய இடமில்லை என்றால், கதிருக்கு முன் நான் மாத்திரையைத்தான் கேட்பேன். கால் மரத்து, சிறுநீர் அடக்க முடியாமல் போகிறதா? அப்போது 25 வாரம் காத்திருக்க நேரமில்லை, ஆபரேஷன்தான்.