மைக்ரோ ஃபைனான்ஸுக்கு மலிவுப் பணம்: வங்கிக் கடனா, பத்திரமா, டெபாசிட்டா?

குழுக் கடன் தரும் மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்கள் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கக் கூடாது. தரும் பணத்தில் பெரும்பகுதியை அவையே கடனாக வாங்கித்தான் தருகின்றன. அந்தக் கடன் என்ன வட்டிக்குக் கிடைக்கிறதோ, அதற்கு மேல் வைத்துத்தான் தவணை கட்டும் பெண்ணுக்கு வட்டி போடுகிறார்கள். அதனால் நிறுவனத்துக்குப் பணம் எந்த வழியில் வருகிறது என்பது அந்தப் பெண்ணையும் பாதிக்கிற விஷயம்.

பழகிய வழி வங்கிக் கடன். வங்கிகள் தங்கள் கடனில் 40 சதவீதத்தை விவசாயம், சிறுதொழில், ஏழைகள் போன்ற முன்னுரிமைத் துறைக்குத் தர வேண்டும். தெருத் தெருவாகப் போய் வசூலிக்க அவர்களிடம் ஆள் இல்லை. மைக்ரோ ஃபைனான்ஸுக்குக் கொடுத்தால் அதுவும் அந்தக் கணக்கில் சேரும். நல்ல ஏற்பாடுதான், நல்ல காலத்தில். 2010 அக்டோபரில் மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்ததும் அங்கே வசூல் நின்றது. வங்கிகள் ஆந்திர நிறுவனங்களோடு நிறுத்திக்கொள்ளாமல், நாடு முழுக்க இந்தத் துறைக்கே கையை இறுக்கிவிட்டன. ஆந்திராவில் ஒரு ரூபாய்கூடக் கடன் கொடுக்காதவர்களும் பணத்துக்கு அலைந்தார்கள். வட்டியை மட்டும் பார்த்து இந்த வழியை மலிவு என்று சொல்ல எனக்கு மனம் வராததற்கு அந்த வருடம்தான் காரணம்.

இரண்டாவது வழி, கொடுத்த கடன்களை மூட்டையாகக் கட்டிப் பத்திரமாக்கி விற்பது. வசூலாகும் தவணை பத்திரம் வாங்கிய முதலீட்டாளருக்குப் போகும். இதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று நார்தர்ன் ஆர்க் என்று அறியப்படும் நிறுவனம், ஐஎஃப்எம்ஆர் கேபிடல் என்ற பெயரில் 2009-ல் ஈக்விடாஸ் என்ற மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனத்தின் கடன்களை இப்படிப் பத்திரமாக்க உதவியது. 2010-ல் நான்கு சிறிய நிறுவனங்களின் கடன்களை ஒன்றாகச் சேர்த்தது. எனக்கு இதுதான் முக்கியமான திருப்பம். சிறிய நிறுவனம் தனியாகப் போனால் தரமதிப்பீட்டுச் செலவும் வக்கீல் செலவுமே கட்டுப்படியாகாது. சேர்ந்து போனால் அந்தச் செலவு எல்லாருக்கும் பிரிந்துவிடும். முதலீட்டாளரும் நிறுவனத்தின் பெயரைவிட, கடன் வாங்கிய பெண்கள் தவணையை எப்படிக் கட்டுகிறார்கள் என்பதையே அதிகம் பார்க்கிறார். அந்த 40 சதவீத இலக்கை எட்டாத வங்கிகள் மார்ச் மாதம் நெருங்கும்போது இந்தக் கடன்களைத் தேடி வாங்குவதால், அப்போது விலையும் நன்றாகவே கிடைக்கும்.

சிக்கல் இல்லாமல் இல்லை. இரண்டு வருடத்துக்குட்பட்ட கடன் என்றால் மூன்று மாதம் கையில் வைத்திருந்துதான் விற்க முடியும். 5 சதவீதப் பங்கைத் தானே வைத்துக்கொள்ளவும் வேண்டும். அதைவிட அடிப்படையானது, முதலில் கடன் கொடுத்திருந்தால்தானே விற்க முடியும்? அந்த முதல் பணம் பெரும்பாலும் வங்கியிலிருந்துதான் வரும்.

மூன்றாவது, தானே வங்கியாகிவிடுவது. 2015-ல் சிறு நிதி வங்கி தொடங்க ரிசர்வ் வங்கி கொள்கை அளவில் ஒப்புதல் தந்த பத்துப் பேரில் எட்டுப் பேர் மைக்ரோ ஃபைனான்ஸ்காரர்கள். டெபாசிட் வந்தால் இன்னொரு வங்கியின் மனநிலையை நம்பிப் பிழைக்க வேண்டாம். ஆனால் மக்களை இழுக்கப் பெரிய வங்கிகளைவிடக் கூடுதல் வட்டி தர வேண்டும். கிளை, ரொக்க இருப்பு, அரசுப் பத்திர முதலீடு என்று செலவும் கட்டாயங்களும் கூடும். அப்புறம், பணம் மலிவாக மலிவாக அது வாகனக் கடன், வீட்டுக் கடன் பக்கமும் போகிறது. வங்கியின் பாதுகாப்புக்கு அது சரி. குழுக் கடன் வாங்குபவருக்கு என்ன லாபம் என்று கேட்டால் பதில் அவ்வளவு தெளிவாக இல்லை. எப்படியும் சிறிய நிறுவனத்துக்கு இது எட்டாத வழி: அன்று கேட்ட குறைந்தபட்ச மூலதனம் 100 கோடி, 2019-ல் அது 200 கோடி ஆனது.

இவை போக, கடன் தரும் நிறுவனங்களுக்கு அரசின் முத்ரா அமைப்பு தரும் மறுநிதி 2015 முதல் இருக்கிறது. துணைக்கு நல்லது, அதை மட்டுமே நம்பித் தொழில் நடத்த முடியாது.

நடுத்தர, சிறிய நிறுவனத்துக்கு என் ஓட்டு கூட்டுப் பத்திரத்துக்கே, தொடக்கப் பணத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வங்கிகளை வைத்துக்கொண்டு. ஆனால் நிறுவனத்துக்கு மிச்சமாவது கடன் வாங்கியவருக்குப் போகும் என்று இப்போது எந்த விதியும் சொல்வதில்லை. 2022 வரை பெரிய நிறுவனங்கள் நிதிச் செலவுக்கு (தாங்கள் வாங்கிய பணத்துக்குக் கட்டும் வட்டிக்கு) மேல் 10 சதவீதமும், சிறியவை 12 சதவீதமும்தான் வைக்கலாம் என்ற வரம்பு இருந்தது. அதை ரிசர்வ் வங்கி நீக்கிவிட்டது. வட்டியை இப்போது நிறுவனத்தின் இயக்குநர் குழுவே முடிவு செய்கிறது. ஆனால் அதே விதிகளின்படி வட்டி, கட்டணம் எல்லாம் எழுதிய விவரத் தாளைக் கடன் வாங்குபவரிடம் கொடுத்தாக வேண்டும். நிதிச் செலவு குறைந்த வருடத்தில் அந்தத் தாளில் உள்ள வட்டியும் இறங்கியதா என்று பார்த்தால் மிச்சம் யார் கைக்குப் போனது என்பது தெரிந்துவிடும்.